டிராக்டர் ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் பிளாஸ்டிக் கழிவையும் மணலையும் உருக்கிக் கல் வார்க்கும் இளைஞர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சாக்கடையை அடைக்கும் கவர்களை உருப்படியான பொருளாக்க நினைப்பது நல்ல காரியம். ஆனால் "ஆய்வகச் சோதனையில் தேறிய இந்தக் கல் நூறு ஆண்டுகள் தாங்கும்" என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரியை என்னால் விழுங்க முடியவில்லை.

அரசு பாலிடெக்னிக் ஒன்றில் கட்டுமானப் பொருள் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கல்லை கம்ப்ரஷன் மிஷினில் வைத்து உடைக்கச் சில நிமிடம் போதும். இன்றைக்கு அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பது தெரிந்துவிடும். மேலே சுவரின் பாரம் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்க, மே மாத வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தால் பத்து வருடத்தில் எவ்வளவு அமுங்கும் என்பது அதில் தெரியாது. பிளாஸ்டிக் அப்படி மெல்ல மெல்ல அமுங்கக்கூடிய பொருள். வெயில் பட்ட மேற்பரப்பு வெளுத்து நொறுங்கும். கவர் செய்கிற பாலித்தீன் 110 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். வீட்டில் தீப்பிடித்தால் சூடு பல நூறு டிகிரிக்கு ஏறும். உங்கள் கட்டுரையில் தீ என்ற சொல்லே இல்லை. கல் மேல் டிராக்டர் ஏறும் படம்தான் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது.

உழைக்குமா என்று பார்க்கும் சோதனை வேறு. சிமெண்ட் கலந்த மண்ணுக்கு 12 சுற்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கல் 5 மணி நேரம் தண்ணீரில் ஊற வேண்டும், 42 மணி நேரம் 71 டிகிரி ஓவனில் காய வேண்டும், வெளியே எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் தேய்த்து எடை போட வேண்டும். முடிக்க ஏறக்குறைய ஒரு மாதமாகும். மிஷினில் கம்பீரமாக நின்ற கல், நாலாவது ஐந்தாவது சுற்றில் பிரஷ் பட்டதும் முனை உதிர்ந்து தட்டில் கொட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தச் சோதனை வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. எல்லோருக்கும் வேண்டியது கம்ப்ரஷன் ரிப்போர்ட். அதுவும் அவர்களே பொறுக்கி எடுத்து வந்த கல்லுக்கு. "கொண்டுவந்து கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்" என்று ரிப்போர்ட்டின் அடியில் அச்சடித்துத்தான் கொடுப்போம். நோட்டீஸில் போடும்போது அந்த வரியை வெட்டிவிடுவார்கள். நீங்கள் வெளியிட்ட ரிப்போர்ட் படத்திலும் அடிப்பகுதி இல்லை. எந்த நியமத்தின்படி சோதித்தார்கள் என்றாவது நிருபர் கேட்டிருக்கலாம். அழுத்திய மண் கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தர நியமம் இருக்கிறது, ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லுக்கு ஐ.எஸ். 12894 இருக்கிறது. இந்தக் கல்லுக்கு எது?

நான் இருப்பது கடலூரில். உப்புக்காற்று என்ன செய்யும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்த ஃப்ளை ஆஷ் கல்லை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தங்கை வீட்டுக்கு வந்தது சிமெண்டைக் குறைத்து, சரியாகத் தண்ணீர் காட்டாமல் லாரி ஏற்றிய கல். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஓய்ந்தபோது பின்சுவரில் ஜன்னல் மட்டம் வரை பூச்சு பொரிந்து விழுந்திருந்தது. உள்ளே கல்லில் விரலை வைத்தால் மாவாகக் கொட்டியது. மச்சான் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போய்க் கேட்டார். "உங்க ஊர் உப்புக்காத்துக்கு நாங்க என்னங்க செய்ய முடியும்?" என்று அனுப்பிவிட்டார்கள். கல்லுக்குள் இருக்கும் உப்பு பூக்குமா என்று பார்க்க மிஷினே வேண்டாம். தட்டில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் ஊற்றிக் கல்லை நிறுத்தி வைத்து, வற்றியதும் இன்னொரு முறை ஊற்றி வற்ற விட்டால் வெள்ளை பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதைக்கூட யாரும் செய்து பார்க்கவில்லை.

பணக்கார நாடுகளும் இதில் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. டென்மார்க்கில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிச்சுவர்களுக்குள் வைத்த மக்னீசியம் ஆக்சைடு பலகைகள், ஈரக்காற்றை உறிஞ்சி உப்புத் தண்ணீராகக் கசிந்து, அடித்த ஸ்க்ரூக்களைத் துருப்பிடிக்க வைத்தன. பிரிட்டனில் 1950-களிலிருந்து பள்ளிக் கூரைகளுக்குப் போட்ட, கம்பி வைத்த காற்றுத்துளை கான்கிரீட் பலகை என்ன ஆயிற்று? 2018-இல் கென்ட்டில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை இடிந்தது. வார விடுமுறை என்பதால் பிள்ளைகள் பிழைத்தார்கள். 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கும் நேரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னார்கள்.

மாற்றுப் பொருளே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது. அங்குள்ள பார்வையாளர் மையத்தை 1990 வாக்கில் அழுத்திய மண் கல்லில் கட்டினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஐப்பசி கார்த்திகை மழையையும் தானே புயலையும் பார்த்துவிட்டு நிற்கிறது. அந்தச் சுவரைக் காட்டித் "தாங்கும்" என்று எழுதுங்கள், நானே கைதட்டுவேன்.

இதையெல்லாம் முன்பே ஒரு முறை உங்களுக்கு எழுதியிருந்தேன். நாலு வரியாகச் சுருக்கி வெளியிட்டீர்கள். வெட்டுப்பட்டது முழுக்கச் சோதனை பற்றிய பகுதி. ஆசிரியர் குழுவுக்கு இவை தெரியாதவை அல்ல. தெரிந்தும் இடமில்லை என்று விட்டதுதான் வருத்தம்.

இனி இப்படிக் கட்டுரை வரும்போது என்ன சோதனை, மாதிரியை யார் எடுத்தார்கள், கட்டி நிற்பதில் மிகப் பழைய கட்டடத்துக்கு என்ன வயது என்பதை மட்டும் சேர்த்துப் போடுங்கள். நூறு ஆண்டு என்ற வரிக்கு இந்த வாரமே திருத்தம் வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் கட்டுரையில் இருந்த எண்ணுக்குப் பேசி, மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கல் விலை கேட்டுவிட்டார். நான் எடுத்துச் சொன்னேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார்" என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக ஊழியர்,
கடலூர்.