குஸ்காவைச் சைவப் பக்கத்திலிருந்து எடுங்கள்

சைவமும் அசைவமும் ஒரே சமையற்கட்டில் சமைத்துப் பரிமாறும் உணவக உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

புரட்டாசி பிறந்ததும் உங்கள் வாசல்களில் "புரட்டாசி ஸ்பெஷல் சைவ விருந்து" என்று பலகை வந்துவிடுகிறது. அப்படிப் பலகை வைத்த ஓர் உணவகத்தின் மெனு அட்டையில், சைவப் பகுதியில் ஒரு வரி: குஸ்கா. இந்த மடலை எழுத வைத்தது அந்த வரிதான். குஸ்கா எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மட்டனோ சிக்கனோ வெந்த சாற்றில், அதே அண்டாவில், அதே தம்மில் வெந்த சோறு அது. துண்டை ஒதுக்கிவிட்டு அள்ளி வைத்ததால் அது சைவமாகிவிடாது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தனியாகச் சமைக்காத எதையும் சைவம் என்று எழுதாதீர்கள், சொல்லாதீர்கள்.

அசைவம் விற்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பக்கத்து இலையில் மீன் இருப்பதும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, புரட்டாசிச் சனி என்று நாள் பார்த்துச் சைவம் இருப்பவர்களில் பலர் மற்ற நாட்களில் உங்களிடமே பிரியாணி வாங்குகிறவர்கள். அந்தக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அவர்கள் உங்கள் சொல்லை நம்பிச் சாப்பிடுகிறார்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவரை நினைத்துப் பாருங்கள். மண்டல விரதம் 41 நாள். வண்டி நள்ளிரவில் நெடுஞ்சாலையோர உணவகத்தில் நிற்கிறது. சுற்றுவட்டத்தில் வேறு கடை கிடையாது. அவர் கேட்பது சாதாரண தோசை. அதே கல்லில் இரண்டு நிமிடம் முன்பு ஆம்லெட் போட்டிருப்பார்கள். மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். அது முட்டையை எடுக்காது. வெந்து ஒட்டிய முட்டை கல்லின் ஓரத்துக்கு ஒதுங்கும், அடுத்து ஊற்றும் எண்ணெயோடு நடுவுக்குத் திரும்பி வரும். தோசைக்கரண்டியும் ஒன்றேதான். "தனிக் கல்லா?" என்று கேட்டால் பரிமாறுபவர் "எல்லாம் தனிதான் சாமி" என்கிறார். அவர் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டவர் கடைசியில் இரண்டு வாழைப்பழமும் டீயுமாக வண்டி ஏறுகிறார். கேட்காதவர் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தெரிந்துகொள்கிறார். ஒரு மாதம் காத்த விரதம் அந்தத் தட்டில் போகிறது. அந்த வேதனைக்குப் பில்லில் பத்து ரூபாய் தள்ளுபடி ஈடாகாது.

தோசைக்கல் கண்ணுக்காவது தெரியும். மற்றவை தெரிவதில்லை. சிக்கன் 65 பொரித்த எண்ணெயிலேயே கோபி 65 இறங்குகிறது. மொறுமொறுப்புக்காக அந்த மாவிலேயே முட்டை உடைத்து ஊற்றும் மாஸ்டர்களும் உண்டு. வெஜ் நூடுல்ஸுக்கு முட்டை நூடுல்ஸைப் பிரித்துப் போடுகிறார்கள். வெஜ் சூப்பில் சிக்கன் பவுடர் ஒரு ஸ்பூன் விழுகிறது. 'எம்டி சால்னா' என்று ஊற்றுவது பல இடங்களில் கறிக்குழம்பின் மேல்தெளிவு. பரோட்டா மாவில் முட்டை இருப்பதை யாருமே சொல்வதில்லை. வெஜ் பப்ஸின் மேல் பளபளப்பதும் சில பேக்கரிகளில் முட்டைக் கலவைதான்.

இதையெல்லாம் மாற்றப் பெரிய செலவு ஆகாது. ஒரு வாணலியும் ஒரு சாரணியும் சைவத்துக்கென ஒதுக்குங்கள். கைப்பிடியில் பச்சை டேப் சுற்றுங்கள். சைவம் பொரித்த எண்ணெய் அசைவ வாணலிக்குப் போகலாம், அங்கிருந்து இங்கே ஒருபோதும் வரக்கூடாது. கோபிக்குக் கான்ஃப்ளார் இரண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, அரிசி மாவு அரைப் பங்கு, ஐஸ் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் முட்டை இல்லாமலே மொறுமொறுப்பு நிற்கும். சால்னாவுக்குத் தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் எலும்புச்சாறு இல்லாத குறை தெரியாது. குஸ்கா வேண்டுமென்றால் தனிப் பாத்திரத்தில் வையுங்கள்: இருபது நிமிடம் ஊறிய சீரகச் சம்பா ஒரு படிக்குத் தண்ணீர் ஒன்றரைப் படி. இரண்டாவது கல் வைக்க அடுப்பில் இடமில்லையா? அப்படியானால் அட்டையில் "முட்டையும் இதே கல்லில்" என்று அச்சிடுங்கள். அதுவும் எங்களுக்குப் போதும். ஃப்ரிட்ஜில் காய்கறியும் பனீரும் மேல்தட்டில், கறி கீழ்த்தட்டில். தலைகீழாக வைத்தால் இரத்தநீர் சொட்டுவது விரதக்காரருக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே கேடு.

ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கு இருக்கும் ஒழுங்கு ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு ஏன் இல்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை. பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்கு 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பழுப்பு முக்கோணம். அந்த விதிகளில் முட்டை அசைவம்தான். உங்கள் சமையற்கட்டுக்கு வரும் நூடுல்ஸ், சாஸ் பொட்டலங்களிலும் அந்தக் குறி இருக்கிறது. பிரித்து வாணலியில் கொட்டும் முன் மாஸ்டர் அதைப் பார்த்தாலே பாதிப் பிழை நின்றுவிடும்.

ஏகாதசி இருப்பவர்களின் பாடு இன்னும் கடினம். தானியம் தொடாதவர்களுக்குக் கூட்டுப் பெருங்காயமே ஆகாது, அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். வெங்காயம், பூண்டு விலக்கியவர் கேட்டால் "பூண்டு போடலை" என்று சொல்லிவிட்டு, பூண்டுத்தூள் கலந்த கடை மசாலாவைத் தூவுகிறார்கள். இதை எல்லா உணவகமும் சமாளிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், நாங்கள் நன்றியோடு எழுந்து போகிறோம். முடியாததை முடியும் என்று சொல்வதுதான் எங்களைக் கோபப்படுத்துகிறது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். தனியாகச் சமைத்ததை மட்டும் சைவம் என்று எழுதுங்கள். பரிமாறுபவரை வாரத்தில் ஒருநாள் உள்ளே அழைத்து எந்தக் கல், எந்த வாணலி என்று காட்டுங்கள். அடுத்த புரட்டாசிப் பலகை எழுதும் முன், தயவுசெய்து அந்தக் குஸ்கா வரியை அட்டையின் அடுத்த பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாள் தவறாமல் விரதம் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர்கள்