கைக்குழந்தைக்கு மட்டும்தானா அனுமதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினால் போதும், வாக்குப்பதிவு சதவீதத்தை உயர்த்துவது பற்றிக் கட்டுரைகள் வரத் தொடங்கிவிடுகின்றன. வாக்குச்சாவடியின் வாசற்படியிலேயே இருக்கும் ஒரு சிக்கல் மட்டும் அவற்றில் என் கண்ணில் படவில்லை. ஓட்டுப் போட வருபவர் தம் பிள்ளையை உள்ளே அழைத்துப்போகலாமா என்பதுதான் அது.

1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49டி விதி, வாக்குச்சாவடிக்குள் யார் யார் வரலாம் என்று பட்டியல் இடுகிறது. தேர்தல் அலுவலர்கள், வேட்பாளர்கள், முகவர்கள், பார்வையற்ற வாக்காளருக்குத் துணையாக வருபவர் என்று போகும் அந்தப் பட்டியலில், வாக்காளரோடு வரும் கைக்குழந்தைக்கும் இடம் உண்டு. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு இடமில்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். கதவருகே வந்ததும் ஐந்து வயதுப் பிள்ளையைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் தாய்மார்கள் எத்தனையோ பேர். பிள்ளையின் கால் அம்மாவின் முழங்கால் வரை தொங்கும். தலைமை அலுவலர் இளகிய மனதுக்காரர் என்றால் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிடுவார். கறாரானவர் என்றால் பிள்ளை வராந்தாவில் நிற்க வேண்டியதுதான். ஒரே பள்ளிக் கட்டடத்தில், அடுத்தடுத்த இரண்டு அறைகளில், இரண்டு விதமான நியாயம் நடக்கும். அலுவலர்களைக் குறை சொல்ல முடியாது. விதி ஒன்று சொல்கிறது, மனம் ஒன்று சொல்கிறது.

2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலுக்கு ஓட்டுப் போடச் சென்றபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். கூடவே ஏழு வயது இருக்கும் ஒரு பையன். குழந்தையோடு வந்தவர் என்று வரிசையில் அவரை முன்னால் விட்டார்கள். அது நல்ல வழக்கம். ஆனால் வாசலில் பையனை நிறுத்திவிட்டார்கள். “இது எங்கள் வகுப்புதான்” என்று அவன் காவலரிடம் சொன்னான். உண்மைதான், அன்றாடம் அவன் உட்காரும் அறை அது. முன்பின் தெரியாத என் கையில் அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போன அந்தப் பெண், ஒவ்வொரு மேசையிலும் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதில் அவர் மனம் எவ்வளவு நின்றிருக்கும்?

வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கணவர் வெளியூரில் வேலை செய்கிறார், மாமியார் இல்லை, அக்கம்பக்கத்தில் பழக்கம் இல்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு ஓட்டு எட்டாமல் போகிறது. தேர்தல் ஆணையம் சாய்வுதளம் அமைக்கிறது, குடிநீர் வைக்கிறது, நிழலுக்குப் பந்தல் போடுகிறது. பிள்ளையோடு வரும் தாயின் பிரச்சினை விதியில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும், அதற்குச் செலவும் கிடையாது.

தாய்மாரின் வசதிக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. பிள்ளைகள் அந்த அறையில் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் அலுவலர் அம்மாவின் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார். எதிரெதிர்க் கட்சிகளின் முகவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் பட்டியலில் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு அம்மா மட்டும் மறைப்புக்குப் பின்னால் போகிறார், ‘பீப்’ என்று ஒலி கேட்கிறது. பாடப்புத்தகத்தில் தேர்தல் பாடத்தை நானும் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தை நடத்தவே வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, “யாருக்குப் போட்டீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும். “அதைச் சொல்ல வேண்டியதில்லை, அப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டேன்” என்று ஒரு தாய் பதில் சொன்னால், அதைக் கேட்டு வளரும் பெண் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் எது? வீட்டு ஆண்கள் சொல்லும் சின்னத்தில் அழுத்திவிட்டு வரும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

மறுப்பு வரும் என்று தெரியும். அதே 2024 தேர்தலில் மத்தியப் பிரதேசத்தின் போபால் மாவட்டத்தில் ஒருவர் தன் மகனை இயந்திரம் வரை கூட்டிப்போய்ப் பொத்தானை அழுத்தவைத்து, வீடியோவாகவும் வெளியிட்டார். வழக்குப் பதிவானது, வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நடவடிக்கை முற்றிலும் சரி. மறைப்புக்குப் பின்னால் வாக்காளரைத் தவிர யாரும் போகக் கூடாது, பெற்ற பிள்ளையானாலும் சரி. கண் தெரியாதவருக்குத் துணையாக அங்கே போகிறவரே 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்கிறது விதி. நான் கேட்பது அறைக்குள் வர அனுமதி, மறைப்புக்குள் போக அல்ல. அலுவலரின் மேசையருகே ஒரு நாற்காலி போட்டால் அந்த ஒரு நிமிடம் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஜப்பானிலும் 2016 வரை சிறு குழந்தைகளை மட்டும்தான் பொதுவாக அனுமதித்து வந்தார்கள். வாக்களிக்கும் வயதை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தது நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் வாக்காளரோடு உள்ளே வரலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நாம் 1989-இலேயே வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்துவிட்டோம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கைக்குழந்தையோடு நின்றுவிட்டோம்.

49டி விதியில் ‘கைக்குழந்தை’ என்பதோடு ‘12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்’ என்றும் மத்திய அரசு சேர்க்க வேண்டும். தேர்தல் ஆணையம் அதற்குப் பரிந்துரை செய்ய வேண்டும். திருத்தம் வரும்வரை, பிள்ளையோடு தனியாக வரும் வாக்காளருக்காக ஒவ்வொரு வாக்குச்சாவடியின் வாசலிலும் பொறுப்பான ஒருவரை நியமிக்க மாவட்டத் தேர்தல் அலுவலர்கள் இப்போதே உத்தரவிடலாம். அடுத்த தேர்தலுக்கான பணியாளர் பயிற்சி வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்