செயலாளரின் ஆண்டறிக்கை: சர்வ் புள்ளியை எப்படிக் கணக்கிட்டோம், இனி எப்படிக் கணக்கிடுவோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக அறிக்கையில் முதலிடம் பெறும் செய்திகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்ள அனுமதி கோருகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழையில் சேதமடைந்த ஆடுகளம் சீரமைக்கப்பட்டது. சிறுவர்களுக்கான கோடைப் பயிற்சி தடையின்றி நடந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். டென்னிஸில் ஓர் ஆட்டக்காரர் தம்முடைய சர்வில், அதாவது தாம் பந்தை அடித்துத் தொடங்கும்போது, ஒரு புள்ளியை வெல்வதற்கான நிகழ்தகவை நாம் எப்படிக் கணக்கிட்டோம், அதில் எங்கே தவறினோம் என்பதுதான் அது.

ஆண்டின் தொடக்கத்தில் இரட்டையர் அணியைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரே ஓர் ஆட்டத்தின் ஸ்கோர் தாளை வைத்து, சர்வ் பலவீனம் என்று குறிப்பெழுதி, இளம் உறுப்பினர் ஒருவரை ஒதுக்கினோம். அந்தக் கணக்கைப் போட்டவன் நான். அவர் மறுப்பேதும் சொல்லாமல் பயிற்சிக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். ஆண்டின் நடுவில் அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, நான் போட்ட கணக்கில் இரண்டு பிழைகள் இருப்பதைக் கண்டேன். அவற்றை இந்தச் சபையில் விளக்க வேண்டியது என் கடமை.

முதல் பிழை கூட்டலில் நேர்ந்தது. ஒரு புள்ளிக்கு இரண்டு சர்வ் வாய்ப்புகள் உண்டு; முதலாவது வெளியே விழுந்தால்தான் இரண்டாவது. முதல் சர்வ் உள்ளே விழுந்தபோது வென்ற விழுக்காட்டையும், இரண்டாவது சர்வில் வென்ற விழுக்காட்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டேன். இரண்டும் சம எண்ணிக்கையில் நடந்திருந்தால்தான் அந்தச் சராசரி செல்லும். எடுத்துக்காட்டாக, ஒருவருடைய முதல் சர்வ் 100-க்கு 62 முறை உள்ளே விழுகிறது, அப்படி விழுந்தால் 74 விழுக்காடு வெல்கிறார், இரண்டாவது சர்வுக்குப் போனால் 52 விழுக்காடு வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்னுடைய பழைய வழியில் 63 விழுக்காடு வரும்; 62-ஐ 74-ஓடும் 38-ஐ 52-ஓடும் பெருக்கிச் சேர்த்தால் 65.6 வரும்.

இரண்டரை விழுக்காட்டு வேறுபாடு ஒரு பொருட்டா என்று செயற்குழுவில் கேட்டார்கள். டென்னிஸின் எண்ணும் முறை சிறிய வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் தன்மையுடையது: புள்ளிகள் சேர்ந்து ஒரு கேம், கேம்கள் சேர்ந்து ஒரு செட்; ஒரு கேம் முழுவதும் ஒருவரே சர்வ் செய்வார். ஒவ்வொரு புள்ளியையும் ஒரே நிகழ்தகவுடன், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஆடுவதாகக் கொண்டு, டியூஸ் (இருவரும் 40-இல் சமமாகி, ஒருவர் இரண்டு புள்ளி முந்தும்வரை கேம் நீளும் நிலை) எத்தனை முறை வந்தாலும் அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், புள்ளியில் 50 விழுக்காடு உள்ளவர் கேமிலும் 50 விழுக்காடே வெல்வார். 60 உள்ளவர் ஏறத்தாழ 74, 65 உள்ளவர் 83, 70 உள்ளவர் 90 விழுக்காடு கேம்களைத் தக்கவைப்பார், அதாவது தாம் சர்வ் செய்யும் கேம்களில் அத்தனையை வெல்வார். நான் போட்ட 63-க்கு 79 விழுக்காடும், சரியான 65.6-க்கு 84 விழுக்காடும் கிடைக்கின்றன. அணித் தேர்வில் ஒருவரை உள்ளே எடுப்பதற்கும் வெளியே நிறுத்துவதற்கும் அந்த இடைவெளி போதும்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் 80 புள்ளிகளுக்கு சர்வ் செய்கிறார் என்றும், அவருடைய உண்மையான திறன் 65 விழுக்காடு என்றும் கொண்டால், அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே அவருடைய ஸ்கோர் தாள் 55-க்கும் 75-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். கேம் கணக்கில் அதன் பொருள், 62 விழுக்காடு தக்கவைக்கும் சாதாரண ஆட்டக்காரர் முதல் 95 விழுக்காடு தக்கவைக்கும் அசாத்திய ஆட்டக்காரர் வரை, ஒரே மனிதர் யாராகவும் தோன்றலாம் என்பதே. அந்த ஊசலாட்டம் இரண்டு விழுக்காட்டளவுக்குச் சுருங்க, ஏறத்தாழ 2,000 சர்வ் புள்ளிகள் தேவை. நம் உறுப்பினர் எவருக்கும் அத்தனை புள்ளிகள் ஓர் ஆண்டில் பதிவாவதில்லை.

ஆகவே குறைந்த தரவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லும்போது, அந்த ஆட்டக்காரருடைய எண்ணைப் பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்துப் பார்ப்பதே நியாயமான வழி. பொதுச் சராசரி 64 விழுக்காடு, அதற்கு 200 புள்ளிகளின் எடை என்று கொண்டால், 80-இல் 60 வென்று 75 விழுக்காடு காட்டுபவருக்கு நாம் தர வேண்டிய மதிப்பீடு 67 விழுக்காடுதான். புள்ளிகள் சேரச் சேர அவருடைய சொந்த எண் மேலோங்கும். புகழ்வதிலும் ஒதுக்குவதிலும் நாம் காட்டிய அவசரத்தை இந்த ஒரு முறையே தடுத்திருக்கும்.

எதிரில் நிற்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மெல்போர்னைச் சேர்ந்த பார்னெட், கிளார்க் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த முறை எளிமையானது: போட்டியின் சராசரியை எடுத்துக்கொண்டு, சர்வ் செய்பவர் பொதுச் சராசரியைவிட எவ்வளவு மேலோ அதைக் கூட்டி, எதிராளி ரிட்டர்னில் (சர்வைத் திருப்பி அடிப்பதில்) சராசரியைவிட எவ்வளவு மேலோ அதைக் கழிப்பது. சென்னையில் உருவான ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தைப் பார்த்த மூத்த உறுப்பினர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மென்மையான சர்வை வைத்துக்கொண்டு 1986-இல் விம்பிள்டன் காலிறுதி வரை சென்றவர் அவர். சர்வ் எண்ணை மட்டும் பார்க்கும் தேர்வுக்குழுவிடம் அவர் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

புள்ளிகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற அனுமானத்தையும் நம் வாசிப்புக் கூட்டங்களில் விவாதித்தோம். நெதர்லாந்தின் கிளாசன், மாக்னஸ் ஆகியோர் 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டங்களிலிருந்து ஏறத்தாழ 90,000 புள்ளிகளை ஆராய்ந்தார்கள். ஆண்கள் சர்வில் ஏறத்தாழ 64 விழுக்காடும், பெண்கள் 56 விழுக்காடும் வென்றிருந்தனர். முந்தைய புள்ளியை வென்றவருக்கு அடுத்த புள்ளியில் சிறு அனுகூலம் இருப்பதையும், முக்கியமான புள்ளிகளில் சர்வ் செய்பவர் சற்றுத் தடுமாறுவதையும் கண்டார்கள். ஆனாலும் அந்த விலகல்கள் சிறியவை, அனுமானம் நல்ல தோராயமே என்று முடிவு செய்தார்கள்.

2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைத் திரையிட்ட மாலை, இந்த விவாதம் சூடுபிடித்தது. ஐந்தாவது செட்டில் 8-7 என்று முந்திய நிலையில், இன்னும் ஒரே புள்ளி வென்றால் ஆட்டமே முடியும் என்ற 40-15-இல் ஃபெடரர் சர்வ் செய்துகொண்டிருந்தார். 65 விழுக்காடு என்று கொண்டால், அந்த கேமை அவர் வெல்லும் நிகழ்தகவு 97 விழுக்காடு. இரு வெற்றிப் புள்ளிகளும் நழுவின. ஆட்டம் முழுவதிலும் ஃபெடரர் 218 புள்ளிகள், ஜோக்கோவிச் 204, கோப்பை ஜோக்கோவிச்சுக்கு. மூன்று விழுக்காடு என்பதும் நடக்கக்கூடியதே என்பதை எண்களால் எத்தனை முறை சொன்னாலும், அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்த பிறகே பலருக்கும் விளங்கியது.

2010 விம்பிள்டனில் அமெரிக்காவின் ஐஸ்னரும் பிரான்சின் மாஹூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடிய ஆட்டத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 70-68 என்று முடிந்த அந்தக் கடைசி செட்டின் 138 கேம்களில் 137-ஐ சர்வ் செய்தவரே வென்றார். புள்ளிக்கு 70 விழுக்காடு என்று கொண்டால் அப்படி நடக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைக்கூட எட்டாது. 80 விழுக்காடு என்று கொண்டால்தான் இருபதில் ஒன்றை நெருங்குகிறது. விம்பிள்டனின் பொதுச் சராசரியை அந்த இருவர் மேல் சுமத்தியிருந்தால் நம் கணிப்பு எவ்வளவு தவறியிருக்கும் என்பதை இது காட்டுகிறது. பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் முறைக்கும் எல்லை உண்டு என்பதால், ஆட்டக்காரரைப் பல ஆண்டுகள் பார்த்த பயிற்சியாளரின் கருத்தைத் தேர்வுக்குழு கட்டாயம் கேட்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

வரும் ஆண்டு முதல் ஸ்கோர் தாளில் முதல் சர்வ் உள்ளே விழுந்ததா, அந்தப் புள்ளி யாருக்குப் போனது, இரண்டாவது சர்வானால் முடிவு என்ன என்று தனித்தனிக் கட்டங்களில் குறிக்கப்படும். எதிராளியின் பெயரும் தரையின் வகையும் எழுதப்படும். தாள்கள் ஆண்டு முடிந்ததும் வீசப்படாமல் தொகுக்கப்படும். ஒற்றை ஆட்டத்தின் விழுக்காட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதில்லை என்றும் முடிவாகியுள்ளது. ஸ்கோர் எழுத முன்வரும் உறுப்பினர்கள் இன்றே பெயர் தரும்படி வேண்டுகிறேன். ஒவ்வொரு ஆடுகளத்துக்கும் இருவர் தேவை.

ஒதுக்கப்பட்ட அந்த இளம் உறுப்பினரிடம் செயற்குழுவின் சார்பில் நேரில் வருத்தம் தெரிவித்தேன். அடுத்த தேர்வில் அவருடைய பழைய தாள்கள் அனைத்தும் சேர்த்துப் பார்க்கப்படும். பழைய குறிப்பைச் சங்கப் பதிவேட்டிலிருந்து நீக்கும் தீர்மானத்தை இந்த அறிக்கையுடன் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.