ஓரிரு இடங்களில் மழை என்றால் எங்கள் களத்திலுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தில், குடகு மலையில் காப்பிச் செடிகள் பூத்துக் கிடக்கும் படம் வந்திருந்தது. கண் நிறைந்த படம். என் மகளை மடிக்கேரிப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்கு அங்கே ஒரு எஸ்டேட்டில் வேலை. மாசி பிறந்துவிட்டால் மகள் போனில் முதலில் சொல்வது மழைச் செய்திதான். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்குமாம். மூன்று மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து இடி இடிக்கும், சில நாள் ஆலங்கட்டியே விழும். ராத்திரி கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. அங்கே அதைப் பூ மழை என்கிறார்கள். ஓர் அங்குலம் பெய்தால் போதும், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை விழுந்தால் பிஞ்சு நிற்கும். மழை ஏமாற்றினால் ஸ்பிரிங்ளர் வைத்தாவது செடியை நனைக்கிறார்கள்.

அந்தக் குடகில் பிறக்கும் காவிரியின் இந்தக் கடைக்கோடியில், அதே மாசியில், மழை வந்துவிடக் கூடாதே என்று நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தாளடி என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பும் உளுந்தும் ஒன்றாக வரும் நேரம் இது.

போன வருஷம் மாசி முதல் வாரம், அறுத்த நெல் களத்தில் குவியலாகக் கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், அதனால் இரண்டு வெயில் காட்டிவிட்டு ஏற்றலாம் என்று இருந்தோம். அன்று காலை பேப்பரில் 'டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்' என்று போட்டிருந்தது. சாயங்காலம் என் மனைவி, "ஏங்க, படுதாவை இழுத்து மூடிடலாமா?" என்று கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். வெயிலில் சுட்ட நெல்லை ராத்திரி மூடினால் உள்ளே வியர்த்துப் புழுங்கும். லேசான மழைதானே, அதுவும் எங்கேயோ ஓரிரு இடத்தில்தானே என்று நினைத்துவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்குப் பிடித்த மழை ஏழு மணிக்குத்தான் விட்டது. அப்புறம் இரண்டு நாள் மூட்டமாகவே இருந்தது. மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன். அடுப்பில் இறக்கிய பானையைத் தொட்டது போலச் சுட்டது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் மணிக்கு மணி வெள்ளையாக முளை விட்டிருந்தது. உள்ளங்கையில் அந்த முளைகளைப் பார்த்தபோது வந்த வேதனையை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் அந்த வார்த்தைகளுக்கு என்ன பொருள் என்று விசாரித்தேன். வானிலைத் துறை கணக்கில் லேசான மழை என்றால் 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 15.5 வரை. மிதமான மழை என்றால் 15.6 முதல் 64.4 வரை. அதற்கு மேல் போனால்தான் கனமழை. 'லேசானது முதல் மிதமானது வரை' என்ற ஒரே வரியில், முற்றம் நனைகிற மழையும் அடங்கும், ஒரு ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டுகிற மழையும் அடங்கும். 'ஓரிரு இடங்கள்' என்பதும் இரண்டு ஊர் என்று அர்த்தமில்லை. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பெய்யலாம் என்பதுதான் அது. நாற்பது வருஷமாகப் பேப்பர் படிக்கிறேன், இது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

உளுந்தின் கதை இன்னும் நுட்பம். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற நெற்பயிருக்குள் ஈரம் பார்த்து விதையைத் தெளித்துவிடுவோம். அப்புறம் தண்ணீர் பாய்ச்சுவதே கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் மாசிப் பனியும் போதும், எழுபது நாளில் காய்த்துவிடும். மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்ன அந்தப் பனிதான் எங்களுக்குப் பாசனம். ஆனால் இளம்பயிரில் ஒருநாள் தண்ணீர் கட்டி நின்றால் வேர் அழுகிவிடும். பூவில் மழை அடித்தால் பூ கொட்டிவிடும். மகள் வீட்டில் மழை பெய்தால் பூ வருகிறது, எங்கள் வீட்டில் மழை பெய்தால் பூ போகிறது.

இரண்டு மழையும் ஒன்றல்ல. மலையில் வருவது தரை சூடேறி அங்கேயே திரளும் இடிமழை. எங்களுக்குத் தை, மாசியில் வருவது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் தெற்கு வங்கக் கடலிலும் இலங்கைப் பக்கமும் உருவாகிக் கீழைக்காற்றோடு வரும் மழை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் டெல்டாவைப் புரட்டிப் போட்டது இதுதான். 2023ல் பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. சரி, அது நஷ்டத்துக்குப் பிறகு வருவது. கடலிலிருந்து வருகிற மழையைப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். சொல்வது எங்களுக்குப் புரியும்படி வந்து சேர்ந்தால் நெல்லை மூட்டை பிடித்து மேடேற்றலாம், உளுந்து வயலில் வடிகால் வெட்டலாம்.

அதனால் ஐயா, தையிலிருந்து பங்குனி வரை உங்கள் தஞ்சைப் பதிப்பில் தினமும் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள். லேசான, மிதமான, கன என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே மில்லிமீட்டர் கணக்கைப் போடுங்கள். 'டெல்டா மாவட்டங்கள்' என்று மொத்தமாகச் சொல்லாமல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரித்துச் சொல்லுங்கள். வேதாரண்யத்தில் பெய்யும்போது திருவையாற்றில் வெயில் அடிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் வருகிற வேளாண் வானிலை அறிக்கையில் எங்கள் மாவட்டத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. செல்போனில் எல்லாம் வருகிறதே என்பார்கள். எங்கள் தெரு டீக்கடையில் காலை ஆறு மணிக்குப் பத்துப் பேர் கூடிப் படிப்பது உங்கள் பேப்பரைத்தான்.

நேற்று முன்தினம் உளுந்து தெளித்தோம். அறுவடை மிஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. அந்தப் பெட்டி அதற்குள் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்