சர்க்கரையை விசாரிக்கும் வாசலில் பதற்றத்தையும் விசாரியுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு தேடி வந்து பரிசோதித்து மாத்திரை தரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதன் தன்னார்வலர் காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கும் வருகிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார். அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்கிறார். பதற்றநோயும் குடும்பத்தில் தொடர்வதுதான். அதை யாரும் கேட்பதில்லை.

என் பாட்டி பஸ் ஏறமாட்டார், நெஞ்சை அடைக்கும் என்பார். காத்து கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். அப்பாவுக்கு நள்ளிரவில் படபடப்பு வரும், விரல்கள் மரத்துப்போகும், உயிர் போய்விடும் என்று அலறுவார். மருத்துவமனையில் இசிஜி எடுத்து, "ஒன்றுமில்லை, வாயு" என்று அனுப்பிவிடுவார்கள். மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்தது நல்லதுதான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இப்போது அக்காள் மகள் தேர்வு நாளென்றால் காலையிலேயே வாந்தி எடுக்கிறாள். "அப்படியே தாத்தா" என்று வீட்டில் சிரிக்கிறார்கள்!

இரட்டையர் ஆய்வுகளின்படி, இந்நோய்க்கு ஆளாவதில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் மரபணுக்களால் வருகிறது. தனியாக ஒரு 'பய மரபணு' கிடையாது. சிறு தாக்கமுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. மிச்சத்தில் வளர்ப்புக்கும் இடமுண்டு. தெருநாயைக் கண்டு அம்மாவின் பிடி இறுகுவது பிள்ளையின் கைக்குத்தான் முதலில் தெரிகிறது. பயப்படுகிறாளே என்று பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டால், அன்றைக்கு நிம்மதி. மறுநாள் பயம் கூடிவிடுகிறது. பயந்ததைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. பரம்பரை என்பதற்காகத் தலையெழுத்து என்று விட்டுவிட வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கடந்த இரண்டு வாரங்களில் பதற்றமாக இருந்தீர்களா, கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா என்ற இரண்டு கேள்விகளைத் தன்னார்வலர்களின் படிவத்தில் சேருங்கள். 'ஆம்' என்பவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புங்கள். 'ஆம்' என்றவர் வீட்டுப் பிள்ளைகளையும் விசாரிக்கச் சொல்லுங்கள். மாத்திரை உறையில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கட்டும்.

ஒன்று மட்டும்: கேள்வியைத் திண்ணையில் வைத்துக் கேட்கவேண்டாம். மாமியார் காதில் விழும், பெண் பார்க்க வருகிறவர்கள் வரை போகும் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் 'இல்லை' என்றுதான் சொல்வாள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பத்தான்