கல்லைக் கழுவுவதும் சேர்த்துத்தான்

தம்பி,

நேற்று அம்மாவுக்குத் திவசம் முடிந்து இலை எடுக்கும்போது, "இந்த வாரம் மாவு எப்பக்கா கொண்டு வருவே?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இனி கொண்டுவர மாட்டேன். அம்மாவின் கிரைண்டர் உன் வீட்டுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அரைக்க வேண்டியது நீ. உன் பெண்டாட்டி இல்லை, நீ.

எழுதிக்கொள். இட்லி அரிசி 4 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசியும் வெந்தயமும் 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு 1 மணி நேரம் போதும். அதிகம் ஊறினால் மாவு காணாது. உளுந்தை முதலில் போடு. குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் அரை. கல் சூடேறினால் பொங்காது. ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிடாதே.

அன்றைக்கு நீ அதைத்தான் செய்தாய். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன வாரம். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. "நான் அரைக்கிறேன்" என்று நீயாக வந்தாய், ஒரு செம்புத் தண்ணீரையும் கவிழ்த்தாய், உளுந்து கூழாகிவிட்டது. "உனக்கெதுக்குடா இது, போ" என்று செம்பைப் பிடுங்கினேன். மன்னித்துவிடு. பிடுங்கியிருக்கக்கூடாது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, விடிந்தால் எட்டுப் பேருக்கு இட்லி வேண்டும் என்ற நிலையில், யார் நின்று சொல்லிக்கொடுப்பது? அப்படியே இருந்தாலும், ஒரு தரம் போ என்றால் இத்தனை வருஷமா போவாய்? நான் அரிசியை வடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு கல்லைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். நீ கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நமக்குள் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை. அத்தையும் சித்தப்பாவும் படிப்பார்கள்.

"ஹெல்ப் பண்றேனே" என்கிறாய். அந்த வார்த்தைதான் எரிகிறது. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம் செய்கிறார்கள். செய்யும் ஆண்கள் 88. உன் கணக்கு எனக்குத் தெரியும், பொதுவில் வேண்டாம்.

உளுந்தை வழித்தபின் அரிசி. நைஸாக வேண்டாம், சன்ன ரவை பதம். உப்புப் போட்டுக் கையாலேயே கலக்கு. உனக்குக் கை நன்றாக வரும், சின்ன வயதில் கோலமாவை நீதான் சீராக இழுப்பாய். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே, பொங்கி வழியும். வெயில் காலத்தில் 7 மணி நேரம், மார்கழியில் 12கூட ஆகும்.

அரைத்த கையோடு கல்லைக் கழுவு. "ஊறட்டும்" என்று விட்டுப்போனால் அதைக் கழுவப்போவது யார் என்று நம் இருவருக்கும் தெரியும். கொத்துக்குள் மாவு காய்ந்தால் அடுத்த வாரம் நாறும்; பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு மூடு.

வண்டிக்குச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வரும். இறக்கும்போது கல்லைத் தனியாக எடுத்துக்கொள். முழங்காலை மடக்கித் தூக்கு.

அக்கா