நீங்களா சார்

டேய் ஜெரால்டு,

ஏழு மாசமா ஒரு வரி போடல, தெரியும், திட்டு. சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, சின்னவ ப்ளஸ் டூ, அம்மாவ கேட்டேன்னு சொல்லு. போதும்.

நான் டான்டே படிச்சிட்டிருக்கேன்டா, அந்த இத்தாலிக் கவிஞர், தானே நரகம், மோட்சமெல்லாம் நடந்து சுத்திப் பாக்கற மாதிரி எழுதின 'டிவைன் காமெடி'. சிரிக்காத. மறைக்கல்வில உத்தரிக்கிற ஸ்தலம், அதான் மோட்சம் போறதுக்கு முன்னாடி பாவத்த கழுவற இடம், அதுன்னு ஆரம்பிச்சாலே நீ தூங்கிடுவ, அந்த மனுஷன் அதுக்கு மட்டும் 33 பாட்டு எழுதியிருக்காரு! நரகத்துக்கு 34. 1302ல ப்ளாரன்ஸ்லேர்ந்து துரத்தி, திரும்ப கைல கெடச்சா உயிரோட கொளுத்துவோம்னு தீர்ப்பு வேற சொல்லிட்டானுங்க, அந்த கடுப்புல ஊர்க்காரன் ஒவ்வொருத்தனையா பேர் சொல்லி உள்ள தள்ளிட்டாரு. போப்பையும் விடல. மூணாம் நிக்கோலஸ் பாறை ஓட்டையில தலைகீழா சொருகியிருக்காரு, வெளிய தெரியறது காலு மட்டும், உள்ளங்கால்ல நெருப்பு எரியுது, ஆள் வர்ற சத்தம் கேட்டு "அதுக்குள்ள வந்துட்டியா போனிஃபேஸ்"ங்கறாரு. கதை நடக்கற 1300ல போனிஃபேஸ் உயிரோட போப்பா இருக்காருடா! முன்கூட்டியே சீட்டு ரிசர்வ். இத உன் ஃபாதர் சித்தப்பாகிட்ட உளறிடாத.

தண்டனை எல்லாம் பாவத்துக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கு. ஜோசியம் சொன்னவனுக்கு மூஞ்சி முதுகுப்பக்கம் திருகியிருக்கு, முன்னால பாக்கவே முடியாது. நமக்கு எண்ணெய்க் கொப்பரைதான சொல்லி பயமுறுத்துவாங்க, இங்க அடி ஆழத்துல வெறும் ஐஸ், துரோகம் பண்ணவனெல்லாம் அதுல உறைஞ்சு கெடக்கான்.

இதெல்லாம் ஜாலிதான், ஆனா நரகத்தோட 15வது பாட்டுல மாட்டிக்கிட்டேன்.

நெருப்பு செதில் செதிலா விழற மணல்காடு. டான்டேயும், வழிகாட்டியா கூட வர்ற பழைய ரோமக் கவிஞர் வர்ஜிலும் கரை மேல நடந்து வராங்க. கீழ ஒரு கும்பல், கெழட்டு தையக்காரன் ஊசில நூல் கோக்கற மாதிரி கண்ண சுருக்கி சுருக்கி பாக்குது. அதுல ஒருத்தர் டான்டேயோட அங்கிய புடிச்சு இழுக்கறாரு. மூஞ்சியெல்லாம் வெந்து போயிருக்கு. டான்டே குனிஞ்சு பாத்தா, தனக்கு பாடம் சொல்லிக் கொடுத்த ப்ரூனெட்டோ லத்தீனி. "நீங்களா இங்க இருக்கீங்க?"

இத்தாலியன்லயும் நம்மள மாதிரி நீ, நீங்க ரெண்டும் உண்டாம்டா. கூடவே வர்ற வர்ஜில கூட நீன்னு பேசறவரு, நரகம் முழுக்க நீங்கன்னு மரியாதையா கூப்பிட்டது மூணே பேர, அதுல இவர் ஒருத்தர். நான் படிக்கற இங்கிலீஷ்ல எல்லாமே யூதான், அடிக்குறிப்பு மட்டும் இல்லன்னா தாண்டி போயிருப்பேன். கீழ இறங்கினா நெருப்பு, அதனால மேலயே தலைய குனிஞ்சுக்கிட்டு அவர் கூட நடக்கறாரு. என்ன பாவம்னு அந்த இடத்துல பேர் கூட சொல்லல, எங்க எல்லாருக்கும் ஒரே பாவம்தான்னு ப்ரூனெட்டோ முடிச்சிக்கறாரு. சரி, அவர அங்க கொண்டு போய் போட்டது யாரு? இவரேதான! போட்டுட்டு உருகவும் செய்யறாரு. ரெண்டு நாள் அந்தாளு மேல செம கோவம் எனக்கு.

சொல்ல வந்தது இதில்ல. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல நம்ம சார பாத்தேன். அதே மஞ்சப் பை. ரொம்ப ஒடிஞ்சு போய்ட்டாரு. அந்த விஷயத்துக்கப்புறம் ஊர்ல யாரும் அவர்கிட்ட பேசறதில்ல, உனக்கே தெரியும். என்ன பாத்து கண்ண சுருக்கினாரு, யாருன்னு புடிபட ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு, நான் போன எடுத்து காதுல வெச்சிக்கிட்டு டீக்கடைக்குள்ள பூந்துட்டேன். யாரும் கூப்பிடல. சும்மா ஹலோ ஹலோன்னுட்டு நிக்கறேன். ஃபீஸ் கட்டலன்னு என்ன வெளிய நிக்க வெச்சப்ப யார் கட்டினாங்கன்னு உனக்கு தெரியும்ல?

கிறிஸ்துமஸுக்கு வருவ இல்ல, ஒரு நாள் முன்னாடி வாடா. தனியா போக எனக்கு தைரியம் இல்ல. நீ பேச்ச ஆரம்பிச்சு விடு, அந்த பட்டப்பேர் மட்டும் வாய் தவறி வந்துடக் கூடாது. டிக்கெட் போட்டதும் சொல்லு.

கிச்சா